வெளிநாட்டில் இமெயில் போக மறுத்தால்...

ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் என்று பெயர் பெற்றது நம் திருப்புட்குழி. சொல்ல வேண்டிய சேதியைச் சொல்லி முடிக்கும் வரை உயிரைப் பிடித்து வைத்திருந்த பறவை அது. வியாபாரத்திலும் சேதி போய்ச் சேர்ந்தால்தான் காரியம் ஆகும்.

பட்டு, மளிகை வியாபாரமாகச் சிங்கப்பூர், துபாய் என்று போய்வரும் வணிக அன்பர்கள் பலருக்கும் ஒரே தொல்லை. வருகிற இமெயில் தடையின்றி வருகிறது. நாம் அனுப்புவது மட்டும் 'அவுட்பாக்ஸ்' பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. இதைச் சாதாரணமாக எண்ணலாகாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 13-ஆவது பிரிவின்படி, இரு தரப்பும் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரை, நம் கட்டுப்பாட்டில் இல்லாத கம்ப்யூட்டருக்குள் நுழைந்த பிறகே ஒரு கடிதம் 'அனுப்பப்பட்டது' ஆகும். அவுட்பாக்ஸில் கிடக்கும் விலைச் சம்மதம், எழுதி மேஜையில் வைத்த கடிதத்துக்குச் சமம். சரக்கு விலை மறுநாள் ஏறினால் நம் பக்கம் ஆதாரம் இராது.

காரணம் என்ன? கடிதம் வாங்கும் வழி வேறு, அனுப்பும் வழி வேறு. அனுப்பும் வழிக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஆதியில் இதற்கு 25-ஆம் எண் வாசல் (போர்ட்) ஒன்றே இருந்தது. குப்பைக் கடிதங்கள் பெருகியதால் பல இணைய நிறுவனங்கள் அந்த வாசலை அடைத்துவிட்டன. மேலும், நம் ஊர் இணைய நிறுவனத்தின் சர்வர், தன் லைனிலிருந்து வருபவரை அடையாளம் கண்டு கடிதம் வாங்கிக்கொள்ளும். வெளிநாட்டு ஓட்டல் லைனிலிருந்து வந்தால் அந்நியர் என்று மறுத்துவிடும்.

பரிகாரம் இதோ:

1. ஓட்டல் வைபையில் பெயர், அறை எண் கேட்கும் பக்கத்தை பிரவுசரில் திறந்து முடித்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

2. வைபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் அனுப்பிப் பாருங்கள். போனால், கோளாறு ஓட்டல் லைனில்தான்.

3. அனுப்பும் சர்வரின் போர்ட் எண் 25 என்றிருந்தால் 587 அல்லது 465 ஆக மாற்றுங்கள். அனுப்புவதற்கும் யூசர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும்படி அமைத்திடுங்கள்.

4. அவசரமானால் பிரவுசர் வழியாக மெயிலைத் திறந்து அனுப்புங்கள். அது இந்த வாசல்களை நம்பி இல்லை. ஆனால் சீனாவில் 2014 முதல் ஜிமெயிலுக்குத் தடை உண்டு. அங்கே செல்வோர் வேறு முகவரியும் வைத்திருப்பது நலம்.

5. சேலைப் படங்களைக் கட்டுக்கட்டாக இணைக்காதீர்கள். ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்.பி.தான் எல்லை, அனுப்பும்போது படத்தின் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

6. புது நாட்டிலிருந்து திறந்தால் சந்தேகப்பட்டு நம் மொபைலுக்கு ஓ.டி.பி. அனுப்புவார்கள். இந்திய சிம்மை ரோமிங்கில் வையுங்கள். கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும்.

ஓட்டல் லைனில் 'சான்றிதழ் சரியில்லை' என்று எச்சரிக்கை வந்தால், போனின் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம். முதலாளி வெளிநாட்டில் இருக்கும் சமயம் பார்த்து, 'பேங்க் கணக்கு மாறிவிட்டது, இதில் பணம் போடவும்' என்று அவர் பெயரிலேயே பொய்க் கடிதம் அனுப்புவோர் உண்டு. நேரில் போன் பேசாமல் பணம் கட்டக்கூடாது என்று கடைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிச் செல்லுங்கள்.

புறப்படும் முன் நம் கடை லைனில் அல்லாமல், உறவினர் வீட்டு லைனில் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். அங்கே போனால் பெரும்பாலும் அயல்நாட்டிலும் போகும். அனுப்பிய பின் 'சென்ட்' பகுதியில் ஏறியதா என்று பார்ப்பதும், முக்கியமான ஆர்டரானால் ஒரு போன் போட்டுக் கேட்பதும் நம் வழக்கமாகட்டும்.