காசு நடக்கும் பாதை – 9: மேயர் தொடங்கிய சங்கம்

சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி விட்டு வருகிறவர்களில் பலருடைய சம்பளம் வீட்டுக்குப் போகும் முன்பே தெருமுனையில் பைக்கோடு நிற்கும் தண்டல்காரரிடம் போய்விடுகிறது. அந்தக் கணக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். 10,000 கடன் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். இரண்டரை மாதம்கூட ஆகாத கடனுக்கு 1,500 வட்டி.

ஞாயிறு காலை அதே தெருவில் வேறொரு கணக்கு நடக்கும். வாசலில் பாய் விரித்து, ஓவர்லாக் அடிக்கிறவர், செக்கிங் போகிறவர், பீஸ் மடிக்கிறவர் என்று பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த சுயஉதவிக் குழு. ஊக்குநர் நோட்டைப் பிரிக்கிறார். ஆளுக்கு வாரம் 100 ரூபாய் சந்தா என்றால் வருஷத்துக்கு 62,400 சேரும்.

"அக்கா, பையனுக்கு ஃபீஸ் கட்டோணும். பத்தாயிரம் வேணுங்க."

"போன கடன்ல ரெண்டு தவணை நிக்குது கண்ணு. அதைக் கட்டிப்போட்டு வாங்கிக்க."

நூற்றுக்கு மாதம் 2 வட்டி, அதுவும் நிலுவைக்கு மட்டும். அதே பத்தாயிரத்தை அதே பத்து வாரத்தில் அடைத்தால் வட்டி முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்தக் காசும் குழுவின் பெட்டிக்கே திரும்பும்.

இந்தப் பெட்டிக்கு நகர நிர்வாகம் என்ன செய்யலாம்? பழைய கேள்விதான். 1845-ல் ஜெர்மனியின் வையர்புஷ் என்ற சிற்றூருக்கு மேயராக வந்த ராய்ஃபைசனுக்கு, அடுத்த ஆண்டே பஞ்சம் வந்து இந்தக் கேள்வி எழுந்தது. முதலில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழி செய்தார். 1849-ல் ஃப்ளாமர்ஸ்ஃபெல்ட் ஊரின் வசதியானவர்கள் 60 பேரைப் பொறுப்பேற்க வைத்து, எளிய விவசாயிகளுக்குக் கடன் கிடைக்கச் செய்தார். பெரிய மனிதர்களின் தயவு நெடுநாள் தாங்காது என்பது அனுபவத்தில் தெரிந்தது. 1864-ல் ஹெடஸ்டார்ஃபில் அவர் அமைத்த சங்கத்தில் கடன் வாங்குகிறவரே உறுப்பினர்.

இந்தச் செய்தியை நம் பக்கம் கொண்டுவந்தவர் பிரெடரிக் நிக்கல்சன். 1887-ல் கோவை மாவட்டக் கையேட்டைத் தொகுத்த அதிகாரி. திருப்பூரும் அப்போது அந்த மாவட்டம்தான். 1895, 1897-ல் வந்த அவருடைய அறிக்கையின் சாரம், நமக்கும் ஒரு ராய்ஃபைசனைத் தேடிப் பிடியுங்கள் என்பதே. 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திரூரில் விவசாயிகளுக்கும், காஞ்சிபுரத்தில் நகரத்தாருக்கும் கடன் சங்கங்கள் பிறந்தன.

சேமிப்பும் கடனும் சேர்ந்த சங்கத்துக்குத் தமிழில் வைத்த பெயர் 'சிக்கன நாணயச் சங்கம்'. காசும் நாணயம்தான், சொன்ன சொல் தவறாததும் நாணயம்தான். அரசு ஊழியர்களின் சங்கத்தில் தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு யார் பிடிப்பது? தீபாவளிக்கு ஒரு கம்பெனி, பொங்கலுக்கு ஒரு கம்பெனி. அவருக்கு மாறாமல் இருப்பது தெரு ஒன்றுதான். தெருவை அறிந்த நிர்வாகம் மாநகராட்சி. அதனால்தான் இந்தப் பொறுப்பு அதன் வாசலுக்கு வருகிறது.

2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதற்கு வழி காட்டியது. குழுவுக்கு 10,000 சுழல் நிதி. பத்து இருபது குழுக்கள் சேர்ந்த பகுதி அளவிலான கூட்டமைப்புக்கு 50,000. வங்கிக் கடனில் 7 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டிக்கு மானியம். செயல்படுத்தும் பொறுப்பு நகராட்சி, மாநகராட்சிகளுக்கு இருந்தது. நகர சபையைச் சார்ந்து சங்கம் வளர்வதற்கு வெளிநாட்டிலும் உதாரணம் உண்டு: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1989-ல் மாநகர சபை ஊழியர்களுக்காகத் தொடங்கிய கடன் சங்கத்தில் இன்று நகரவாசிகளும் சேரலாம்.

திருப்பூர் மாநகராட்சிக்கு 60 வார்டுகள். வார்டுக்கு ஓர் அறை, ஒரு பீரோ, கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள், வருஷத்துக்கு ஒரு தணிக்கை. இவ்வளவு செய்தால் போதும். பெட்டிச் சாவி மட்டும் அந்தப் பெண்களிடமே இருக்கட்டும். 'ரெண்டு தவணை நிக்குது கண்ணு' என்று அந்த அக்கா சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அதையே அதிகாரி சொன்னால் வசூல். கவுன்சிலர் சொன்னால் அரசியல்.

(தொடரும்)