எம்டனும் கடலாட்சியும்

சாமர்த்தியம் மிக்க ஒருவனைக் குறித்து, “அவன் சரியான எம்டன்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருக்கலாம். என் பாட்டியார் இச்சொல்லை நாள்தோறும் ஆள்வார். அது ஒரு கப்பலின் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. வட ஜெர்மனியிலுள்ள ஒரு துறைமுக ஊரின் பெயரைத் தாங்கிய சிறிய போர்க்கலமே எம்டன். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணி அளவில் அது சென்னைக்கு எதிரே வந்து நின்றது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளின்மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. தொட்டிகள் பற்றி எரிந்தன, சிலர் உயிரிழந்தனர். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, கப்பல் இருளில் மறைந்தது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் நகரத்தை விட்டு வெளியேறினர். உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிற்சுவரில் இந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று உள்ளது. சென்னை மாணவர்கள் ஒருமுறை சென்று காணலாம்.

வரலாற்று வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் யாரேனும் ஒருவர் தவறாமல் ஒரு வினாவை எழுப்புவார். “ஐயா, அக்காலத்தில் உலகிலேயே பெரிய கடற்படை ஆங்கிலேயருடையது அல்லவா? ஒற்றைக் கப்பலை அவர்களால் ஏன் தடுக்க இயலவில்லை?” கடற்போர் நூல் முழுவதையும் திறக்கும் திறவுகோல் இவ்வினாவே.

நாம் நிலத்தில் வாழ்பவர்கள். ஓர் அரசன் ஒரு நாட்டைப் பிடித்தான் என்றால், கோட்டையில் கொடி ஏற்றினான், எல்லையில் காவல் வைத்தான் என்று பொருள் கொள்கிறோம். கடலில் கோட்டையும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. ஜூலியன் கார்பெட் என்ற ஆங்கிலேயர் 1911இல் எழுதிய நூலில் இதைத் தெளிவுறுத்தினார். கடலாட்சி என்பது கடல்நீரைக் கைப்பற்றுவதன்று, கடல்வழிப் போக்குவரத்தைத் தன் வசத்தில் வைத்திருப்பதே என்பது அவர் கொள்கை. போர்க் காலத்தில்கூடக் கடலின் பெரும்பகுதி எவர் வசத்திலும் இராது என்றும் அவர் கருதினார். கார்பெட் சட்டம் பயின்றவர். கடற்படையில் ஒரு நாளேனும் பணியாற்றியவர் அல்லர். கற்பவன் எத்துறையையும் கற்கலாம் என்பதற்கு நான் அவரை எடுத்துக்காட்டுவது வழக்கம்.

அவருக்கு முன்னரே, 1890இல், அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஆல்பிரட் மஹன் வேறொரு கருத்தை வலியுறுத்தியிருந்தார். பகைவனின் வணிகக் கப்பல்களை இங்கொன்றும் அங்கொன்றுமாக வேட்டையாடுவதால் போர் முடிவுறாது. திரண்ட போர்க்கப்பல் தொகுதியால் பகைவனின் தொகுதியை முறியடிப்பவனே வெல்வான் என்றார் அவர். எம்டன் அவர் தள்ளிவைத்த வேட்டைத் தொழிலையே மேற்கொண்டது.

அத்தொழில் எங்ஙனம் நடந்தது? சீனத்தின் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த ஜெர்மன் கீழ்த்திசைப் படைத்தொகுதியைச் சேர்ந்தது எம்டன். போர் மூண்டதும் தளபதி ஸ்பே பிரபு மற்றக் கப்பல்களுடன் தென் அமெரிக்காவை நோக்கிச் சென்றார். காப்டன் கார்ல் ஃபான் முல்லர் மட்டும் எம்டனுடன் இந்துமாக்கடலுக்குள் நுழைய அனுமதி பெற்றார். அவருக்கு இங்கே ஒரு துறைமுகம் இல்லை, ஒரு நண்பன் இல்லை. நீராவிக் கப்பலுக்கு உயிர் நிலக்கரி. அது தீர்ந்தால் எத்தனை பீரங்கி இருந்தும் அது மிதக்கும் இரும்பே. எனவே துணைக்கு வந்த ஒரு கரிக்கப்பலிலிருந்தும், பின்னர்ப் பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் நடுக்கடலில் மாலுமிகளே கரியை மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றினர். முதலில் சிக்கிய கிரேக்கக் கப்பலில் இருந்தது இந்திய நிலக்கரி. அது கரும்புகையை மிகுதியாகக் கக்கிக் கப்பலைத் தொலைவிலேயே காட்டிக் கொடுக்கக் கூடியது. பின்னர் ‘புரெஸ்க்’ என்ற ஆங்கிலக் கரிக்கப்பல் ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட உயர்ந்த வேல்ஸ் கரியுடன் அகப்பட்டது. மாலுமிகளுக்கு அது பொன்னினும் உயர்ந்த கொள்ளை என்பதில் ஐயமில்லை.

எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. மரச்சட்டமும் துணியும் கொண்டு நான்காவது ஒன்றைப் பொய்யாக நிறுத்தி, ‘யார்மத்’ என்ற ஆங்கிலக் கப்பல் போலத் தோற்றம் தந்தனர். அக்டோபரில் டீகோ கார்சியா என்ற தீவில் அடிப்பாசி களைய ஒதுங்கியபோது, அத்தீவினர் போர் தொடங்கிய செய்தியையே அறியாதிருந்தனராம்! அவர்களுடைய பழுதுபட்ட விசைப்படகு ஒன்றை முல்லரின் ஆட்கள் செப்பனிட்டும் கொடுத்தனர். அதே தீவில்தான் இன்று அமெரிக்கரின் பெரும் படைத்தளம் இருக்கிறது.

அம்மாத இறுதியில் எம்டன் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து ஒரு ருஷ்யப் போர்க்கப்பலையும், வெளியேறுகையில் ஒரு பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்தது. இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அதன் கையில் சிக்கின. ஆயினும் அது விளைத்த பெருங்கேடு இக்கணக்கில் அடங்காது. அது எங்கே இருக்கிறது என்று அறியாத அச்சமே பெருங்கேடு. கல்கத்தாவிலும் கொழும்பிலும் சரக்கேற்றிய கப்பல்கள் புறப்படாமல் நின்றன. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. பல நாட்டுப் போர்க்கலங்கள் தத்தம் பணியை விட்டு இவ்வொன்றைத் தேடி அலைந்தன. இல்லாத இடத்திலும் இருப்பதாக எண்ணச் செய்தது எம்டன்.

அதன் முடிவு கோக்கோஸ் தீவுகளில் நேர்ந்தது. ஆஸ்திரேலியாவையும் பிற நாடுகளையும் இணைக்கும் கடலடித் தந்திக் கம்பிகள் அங்கே சந்தித்தன. அவற்றை அறுக்க நவம்பர் 9ஆம் நாள் காலை முல்லர் ஆட்களைக் கரையிறக்கினார். நிலையத்தார் அதற்குள் கம்பியில்லாத் தந்தியில் உதவி கோரிவிட்டனர். ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவில் ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிய கப்பல் அணி சென்றுகொண்டிருந்தது முல்லர் அறியாதது. அதன் காவலிலிருந்து ‘சிட்னி’ பிரிந்து விரைந்தது. எம்டனின் முதற் குண்டுகள் குறி தப்பவில்லை எனினும், சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, விசையும் மிகுதி. இரண்டு மணி நேரத்துக்குள் எம்டன் பவளப் பாறையில் மோதிக் கிடந்தது. அதில் மாண்டவர் 130க்கு மேற்பட்டோர், சிட்னியில் நால்வர்.

மஹன் சொன்னது சரியாயிற்றா? ஒற்றைக் கப்பல் போரின் போக்கை மாற்றவில்லை. ஸ்பேயின் தொகுதியும் அவ்வாண்டு டிசம்பரில் ஃபாக்லந்துத் தீவுகளருகே அழிந்தது. ஆனால் அதே வேட்டைத் தொழிலை நீர்மூழ்கிகள் கையேற்றபோது நிலைமை வேறாயிற்று. 1917 ஏப்ரல் என்னும் ஒரே மாதத்தில் உலகின் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ எட்டரை லட்சம் டன் கடலுள் சென்றது. பிரிட்டன் பட்டினியின் வாயிலில் நின்றது.

மருந்து பழையது. கப்பல்களைத் தனித்தனியே விடாமல் திரளாக்கிக் காவலுடன் அனுப்புவதே அது. கடற்படைத் தலைமையோ நெடுநாள் தயங்கியது. வாரந்தோறும் 2,500 கப்பல்கள் வருகின்றன, 2,500 செல்கின்றன, இத்தனைக்கும் காவல் ஏது என்று கேட்டனர். அக்கணக்கில் கரையோரச் சிறு கலங்களெல்லாம் சேர்ந்திருந்தன. ஆழ்கடல் கடந்து வருவன வாரத்துக்கு ஏறத்தாழ 140 மட்டுமே என ஓர் இளநிலை அதிகாரி பிரித்துக் காட்டினார். புள்ளிவிவரத்தைப் பிரித்துப் பாராமல் நம்புவதன் ஆபத்துக்கு இதைவிடத் தக்க சான்று நான் அறியேன்.

திரளாகச் சென்றால் பகைவனுக்கு எளிதன்றோ என்று நீங்கள் நினைக்கலாம். தாளில் வரைந்து பாருங்கள். ஒரு கப்பலைப் பத்து மைலிலிருந்து காண இயலும் எனக் கொள்வோம். தனித்துச் செல்லும் இருபது கப்பல்களுக்குப் பத்து மைல் ஆரமுள்ள வட்டங்கள் இருபது. அவ்விருபதும் இரண்டு மைல் அகலத் திரளாகச் சென்றால் ஏறத்தாழப் பதினொரு மைல் ஆரமுள்ள வட்டம் ஒன்றே. பரப்பைக் கணக்கிட்டால் பகைவன் கண்ணில் படும் கடல் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அவன் கண்டுபிடித்தாலும் ஓரிரு கப்பல்களையே தாக்க இயலும்; அதற்கும் காவற்கலங்கள் இருக்கும் இடத்துக்கே அவன் வந்தாக வேண்டும். கடலெங்கும் அலைந்து தேடும் வேலை மிச்சம். 1917 மே மாதம் ஜிப்ரால்டரிலிருந்து சோதனைத் திரள் புறப்பட்டது. முறை பரவப் பரவ இழப்புக் குறைந்தது.

இன்று வானிலிருந்து செயற்கைக் கோள்கள் பார்க்கின்றன. டீகோ கார்சியாவில் எம்டன் ஒளிந்தது போல் ஒரு போர்க்கப்பல் ஒளிவது அரிது. ஆழத்தில் உலவும் அணுவிசை நீர்மூழ்கிக்கே அவ்வாய்ப்பு இன்னும் உண்டு. இந்தியாவும் 2016இல் ‘அரிஹந்த்’ என்ற நீர்மூழ்கியைப் படையில் சேர்த்தது. ஆனால் வேட்டைக்காரனுக்கு இப்போது கப்பலே தேவையில்லை. 2023 நவம்பர் முதல் ஏமன் நாட்டு ஹூதிப் படையினர் கரையிலிருந்தபடியே ஏவுகணைகளாலும் ஆளில்லா விமானங்களாலும் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கினர். தாக்கப்பட்டவை சில, வழி மாறியவை பல. நூற்றுக்கணக்கான கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. காப்புறுதிக் கட்டணம் அன்று போலவே ஏறியது. 2024 ஜனவரியில் ‘மார்லின் லுவாண்டா’ என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியபோது, நம் கடற்படையின் ‘விசாகப்பட்டினம்’ கப்பலினர் சென்று தீயணைக்க உதவினர்.

அவ்வாண்டே தாக்குண்ட ‘ரூபிமார்’ என்ற சரக்குக் கப்பல் கைவிடப்பட்டு நங்கூரத்தை இழுத்தபடி மிதந்து, மார்ச் மாதத்தில் மூழ்கியது. அப்பகுதியில் கடலடிக் கம்பிகள் சில அறுந்தன. அந்நங்கூரமே அறுத்திருக்கக் கூடும் எனக் கருதப்பட்டது. கோக்கோஸ் தீவில் முல்லர் கோடரியால் செய்வித்த வேலையை இங்கே ஆளில்லாத கப்பலொன்று செய்திருக்கலாம். இணையச் செய்திகளைக் கண்டங்களுக்கிடையே சுமப்பவை அத்தகைய கம்பிகளே. அவற்றுள் சில, எம்டன் குண்டு வீசிய அதே சென்னைக் கரையில் ஏறுகின்றன.