பலியா, சாட்சியா?

ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போனால் யாராவது சொல்லிவிடுவார்கள்: "தேவசகாயம் பிள்ளை இங்கதான் பலியானாரு." நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், மூன்று வருஷச் சித்திரவதைக்குப் பின் 1752 ஜனவரி 14-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதர் பட்டம்.

ஆனால் திருச்சபை அவரை மறைசாட்சி என்றுதான் சொல்கிறது; பழைய ஆட்கள் வாயில் வேதசாட்சி. கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்றாலே சாட்சிதான். எபிரேயர் நிருபத்தின்படி பாவம் தீர்க்கும் பலி ஒன்றே, அது சிலுவையில் ஒரே தரமாக முடிந்தது. அதற்கப்புறம் இன்னொருவர் ரத்தம் தேவையில்லை. அப்போ பூசையைத் திருப்பலி என்கிறோமே? அது புதுப் பலி அல்ல, அந்த ஒரே பலியை இன்றைக்கு நம் முன் கொண்டுவருவது என்பது கத்தோலிக்க விளக்கம். சி.எஸ்.ஐ.காரர்கள் திருவிருந்து என்பார்கள்.

நம்ம ஊரில் சிக்கல் வேற. சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுவதும் பலிதான். கொடுப்பது நாம், வாங்குவது சாமி. சிலுவையில் கொடுப்பவரும் பலியாகிறவரும் ஒருவரே. அதோடு, அநியாயமாகக் கொல்லப்பட்டவரைக் கும்பிடுகிற மண் இது. கோட்டாறு சவேரியார் கோயிலில் பிள்ளையின் கல்லறை முன் நிற்கும்போது இறையியல் எதுவும் ஞாபகம் வருவதில்லை. 'அநியாயமா கொன்னுட்டாங்களே' என்பதுதான் முதலில் வருகிறது, எனக்கும்.