மூன்றாம் நாள் பீடி நீட்டாதீர்கள்

பீடியை விடுகிறவருக்குக் கஷ்டமான நேரம் பகலில் வருவதில்லை. வலையைக் கட்டிவிட்டு நீரோட்டத்துக்காகக் காத்திருக்கும் ராத்திரியில்தான் வருகிறது. கை சும்மா இருக்கும், ஈரக்காற்று அடிக்கும். பக்கத்தில் இருப்பவர் தனக்கொன்று பற்றவைத்துக்கொண்டு இன்னொன்றை நீட்டுவார். “ஒண்ணுதான மச்சான், புடி.” பாசத்தில்தான் நீட்டுகிறார். ஆனால் பசியாவரம், இடமணி போன்ற ஏரிக்கரை ஊர்களில் பீடியை விட நினைப்பவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்தப் பாசம்தான்.

உடம்பில் நடப்பதை முதலில் தெரிந்துகொள்வோம். ரத்தத்தில் ஏறிய நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அந்த இறக்கத்தில்தான் அடுத்த பீடிக்கு மனசு அலைகிறது. ஒரேயடியாக விட்டவருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் தவிப்பு உச்சத்துக்குப் போகும். தூக்கம் கெடும், கோபம் வரும், எதிலும் மனசு நிலைக்காது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் இதெல்லாம் படிப்படியாக அடங்கும். ஒவ்வொரு தடவை எழும் ஆசையும் சில நிமிடமே நிற்கும். அந்தச் சில நிமிடத்தில் யாரும் பீடி நீட்டாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விட முடியாதவரை வைராக்கியம் இல்லாதவர் என்று பேசுவது அநியாயம். அவர் ஒரு போதைப்பொருளோடு மல்லுக்கு நிற்கிறார்.

பீடியைப் பற்றிச் சில நம்பிக்கைகள் தலைமுறையாக ஓடுகின்றன. குளிருக்கு இதமாக இருக்கும் என்பது ஒன்று. நடப்பது தலைகீழ். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால் இன்னும் சில்லிடுகிறது.

காலையில் ஒன்று பிடித்தால்தான் வெளிக்கு வரும் என்பது இன்னொன்று. இதில் உண்மை உண்டு. நிக்கோட்டின் குடலைத் தூண்டும். விட்ட புதிதில் மலச்சிக்கல் வரும். கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர் என்று சில வாரம் சமாளித்தால் குடல் தானாகச் சரியாகிவிடும். இது தெரியாமல் நாலாம் நாளே கழிப்பறைக்காகப் பீடிக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

விட்ட பிறகு சளி கூடுவதாகத் தோன்றுவதும் உண்டு. புகையால் முடங்கியிருந்த மூச்சுக்குழாய் மயிரிழைகள் மறுபடி வேலை செய்து அழுக்கைத் தள்ளத் தொடங்குவதன் அடையாளம் அது. ஆனாலும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சும்மா விடக் கூடாது. புகைபிடித்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம்.

ஏரியில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சேற்றில் வெறுங்காலோடு நடக்கையில் கிளிஞ்சல் கிழிக்கும். ஆறாத புண், நடந்தால் கெண்டைக்கால் வலி, கறுக்கும் விரல் நுனி இவை தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பர்கர் நோய் என்று ஒன்று இருக்கிறது. நடுவயதைக்கூட எட்டாத ஆண்களின் கால் ரத்தக்குழாய்களை அடைத்து, விரலையும் காலையும் வெட்டி எடுக்கும் நிலைவரை கொண்டுபோகும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களிடம் வரும் இந்த நோயை நிறுத்துவதற்கு உறுதியான ஒரே வழி, புகையிலையை அடியோடு விடுவது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைத்தால் போதாது. பீடிக்குப் பதில் ஹான்ஸ் மாதிரி மெல்லும் புகையிலையை ஒதுக்கினாலும் நோய் நிற்காது. உள்ளே போவது அதே நிக்கோட்டின்தான். குட்காவுக்கும் அதுபோன்ற மெல்லும் புகையிலைக்கும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை ஆணை போடப்பட்டு, ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது.

துணையோடு விடுபவருக்கு, தனியாகப் போராடுபவரைவிட வெற்றி வாய்ப்பு அதிகம். அந்தத் துணை கேட்டால் கிடைக்கும். 1800-11-2356 மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். விடும் நாளைக் குறிக்க உதவுவார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். 2018 செப்டம்பர் முதல் பாக்கெட்டில் படத்தோடு இந்த எண்ணும் அச்சாகிறது. சில்லறையாக ஒன்றிரண்டு வாங்குபவரின் கண்ணில் அது படுவதே இல்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். செல்போனில் பதிந்துவையுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மையத்தில் 2002 முதல் புகையிலையை விட உதவும் தனிப் பிரிவு இயங்குகிறது.

நிக்கோட்டின் சூயிங்கம் 2022இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. எழுந்த அரைமணிக்குள் முதல் பீடி பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மெல்ல மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். சூயிங்கம் போடுவதற்குக் கால் மணி முன்பு டீ, காபி வேண்டாம். மருந்து உள்ளே இறங்காது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு ஊசி போடுபவர் பீடியை விடும்போது ஊசி மருந்தின் அளவு மாறலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காபி, டீயையும் பாதியாகக் குறைப்பது நல்லது. புகையை விட்டவர் உடம்பில் காஃபின் அதிக நேரம் தங்கும். அந்தப் படபடப்பைப் பீடிக்கான ஏக்கம் என்று தப்பாக நினைத்துவிடுவோம்.

சட்டமும் விடுகிறவர் பக்கம் நிற்கிறது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தில் பொது வாகனமும் பொது இடம்தான். ஆள் ஏற்றும் படகில் பீடி பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் போடலாம். “அண்ணே, அணைச்சிடுங்க” என்று சொல்ல எந்தப் பயணிக்கும் உரிமை உண்டு. பதினெட்டு வயது ஆகாதவருக்கு விற்பதும் குற்றம். “போய் ரெண்டு பீடி வாங்கிட்டு வா” என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிறுவர்களுக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளம்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு.

விட்டவர் ஒருநாள் சறுக்கி ஒன்று பிடித்துவிடலாம். பலமுறை முயன்று பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் முழுசாக விடுகிறார்கள். அன்றைக்கு வீட்டில் “உன்னால ஆவாது” என்று சொல்லாதீர்கள். எந்த நேரம், யாரோடு, எங்கே இருந்தபோது என்று மட்டும் கேளுங்கள். ராத்திரிப் படகில்தான் என்றால், அடுத்த பயணத்துக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு சூயிங்கத்தையும், வாயில் போட்டுக்கொள்ள ஓமமோ கிராம்போ கொஞ்சமும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். கூடப் போகிற மாமனிடமும் மச்சானிடமும் கரையிலேயே சொல்லிவிடுங்கள்: “அவருக்கு நீட்டாதீங்க.”