காரின் தலையில் உட்கார்ந்து பெட்ரோல் குடிக்கும் கேரியர்!

மதுரையில் இருந்து சென்னைக்கு வாடகைக் காரில் வந்துகொண்டு இருந்தேன். விடியற்காலை நேரம். நான்கு வழிச் சாலை காலியாகக் கிடந்தது. கார் மணிக்கு 90 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடியது.

தலைக்கு மேலே "ஊய்ங்" என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னப் பையன் புல்லாங்குழல் ஊதிப் பழகுவது போல, அது விடாமல் கேட்டுக்கொண்டே வந்தது.

"என்ன அண்ணே, மேலே சத்தம்?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"கேரியர் சார். காலியா இருந்தா இப்படித்தான் பாடும்" என்றார் அவர்.

வழியில் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. டீ குடித்தபடி டிரைவர் தன் கவலையைச் சொன்னார். வண்டி வாங்கிய புதிதில் கேரியர் கிடையாதாம். அப்போது ஒரு தடவை டேங்கை நிரப்பினால் ஓடிய தூரம், இப்போது ஓடுவது இல்லையாம். எஞ்சினில்தான் கோளாறு என்று நினைத்து, மெக்கானிக்கிடம் இரண்டு தடவை காட்டினாராம். மெக்கானிக் பிளக்கை மாற்றினார். ஏர் பில்டரை மாற்றினார். பணம் செலவானதுதான் மிச்சம்.

"கேரியர் கேரியர்னு சிலர் சொல்றாங்க சார். அது வெறும் இரும்புக் கம்பிதானே? மிஞ்சிப் போனா இருபது கிலோ இருக்கும். அது என்ன பெட்ரோலைக் குடிச்சிடப் போகுது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. சென்னைக்கு வந்ததும் புத்தகங்களைப் புரட்டினேன். கிடைத்த செய்தி ஆச்சரியமாக இருந்தது.

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். காரில் 45 கிலோ கூடுதலாக ஏற்றினால், பெட்ரோல் செலவு நூற்றுக்கு ஒரு பங்குதான் கூடுகிறது. இது அமெரிக்க எரிசக்தி இலாகா கொடுத்து இருக்கும் கணக்கு. அப்படியானால் இருபது கிலோ கேரியருக்கு அரைப் பங்குகூட ஆகாது. ஆகவே, எடை குற்றவாளி இல்லை. டிரைவர் சொன்னது சரிதான்.

பின்னே யார் குற்றவாளி? காற்று!

காற்றுக்கும் எடை உண்டு

காற்று கண்ணுக்குத் தெரிவது இல்லை. அதனால் அதற்கு எடை இல்லை என்று நினைத்து விடுகிறோம். பத்து அடி நீளம், பத்து அடி அகலம், பத்து அடி உயரம் உள்ள ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள் இருக்கும் காற்று எவ்வளவு எடை இருக்கும் தெரியுமா? 30 கிலோவுக்கு மேல்! ஒரு சிப்பம் அரிசியைவிட அதிகம்.

கார் ஓடும்போது, எதிரே இருக்கும் காற்றை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கூட்டத்துக்குள் புகுந்து போகிறவர், ஆட்களைத் தள்ளிக்கொண்டு போவதைப் போலத்தான். ஒரு சாதாரணக் கார் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், ஒவ்வொரு வினாடியும் சுமார் 65 கிலோ காற்று அதன் வழியில் நிற்கிறது. வினாடிக்கு ஒரு ஆள் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மேலேயும் பக்கவாட்டிலும் ஒதுக்குவதற்குப் பெட்ரோல் எரிய வேண்டும்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும்? வினாடிக்கு விலக்க வேண்டிய காற்றும் பாதியாகக் குறையும். விலக்குகிற வேகமும் பாதியாகக் குறையும். பாதியில் பாதி, கால். ஆகவே 50 கிலோ மீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு கால் பங்குதான் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கு ஆனால், எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகிறது.

ஊருக்குள் மாட்டு வண்டிக்கும் ஆட்டோவுக்கும் பின்னால் ஊர்ந்து போகும்போது, காற்று நம்மை ஒன்றும் செய்வது இல்லை. நெடுஞ்சாலையில் வேகம் ஏறிய பிறகுதான் அது தன் கையைக் காட்டுகிறது. 100 கிலோ மீட்டர் வேகத்தில், காரை இழுத்துப் பிடிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் காற்றினுடையதுதான்.

தூணுக்குப் பின்னால் சுழல்

கேரியர் என்பது நாலைந்து கம்பிகள்தானே, காற்று இடையில் புகுந்து போய்விடாதா என்று நீங்கள் கேட்கலாம்.

ஆற்றில் தண்ணீர் வேகமாகப் போகும் நாளில், பாலத்தின் மேல் நின்று தூணைப் பாருங்கள். தூணுக்கு முன்னால் தண்ணீர் மோதுகிறது. பிறகு இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. தூணைத் தாண்டியதும் ஒழுங்காகச் சேருகிறதா? இல்லை. தூணுக்குப் பின்னால் சுழல் சுழலாகச் சுற்றுகிறது. சருகும் குப்பையும் அங்கே சிக்கிக்கொண்டு வட்டம் அடிப்பதைப் பார்க்கலாம்.

கேரியரின் ஒவ்வொரு கம்பிக்குப் பின்னாலும் காற்று இப்படித்தான் சுழலுகிறது. முன்னால் காற்று மோதித் தள்ளுகிறது. பின்னால் சுழல் பிடித்து இழுக்கிறது. நான் கேட்டேனே "ஊய்ங்" என்ற சத்தம், அது இந்தச் சுழல்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கம்பியில் இருந்து கழன்று போகும் சத்தம்தான்.

அது மட்டுமா? காரின் கூரைக்கு மேலே போகும் காற்று, காரின் வேகத்தைவிட அதிக வேகமாகப் போகிறது. கூரையின் வளைவு அதை விரட்டி விடுகிறது. கேரியரைச் சரியாக அந்த இடத்தில்தான் நாம் கொண்டு போய் மாட்டுகிறோம்!

மீனுக்குச் சுழல் பிடிப்பது இல்லை. தலை உருண்டை, வால் கூர்மை. தண்ணீர் அதன் உடம்போடு ஒட்டி வழுக்கிப் போய் வாலில் சேர்ந்துகொள்கிறது. ஆகாய விமானம் செய்தவர்கள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அந்தக் காலத்து விமானங்களில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் உருண்டைக் கம்பிகளால் இழுத்துக் கட்டி இருப்பார்கள். ஒரு உருண்டைக் கம்பி பிடிக்கிற காற்றும், அதைவிடப் பத்து மடங்கு தடிமனான, மீன் வடிவத்தில் செய்த தூண் பிடிக்கிற காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பரிசோதனையில் தெரிந்தது. விரல் மொத்தக் கம்பி செய்கிற வேலையைப் பார்த்தீர்களா?

சாமான் வைக்க இடம் இல்லாத கார்

இந்தப் பாடத்தை விமானத்தில் இருந்து காருக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர் எட்மண்ட் ரும்ப்ளர். வியன்னாவில் பிறந்தவர். ஜெர்மனியில் விமானங்கள் கட்டியவர். 1921-ம் ஆண்டு பெர்லின் மோட்டார் கண்காட்சியில் அவர் ஒரு காரைக் கொண்டு வந்து நிறுத்தினார். மேலே இருந்து பார்த்தால் தண்ணீர்த் துளி மாதிரி இருந்தது. அதனால் "துளிக் கார்" என்றே அதற்குப் பெயர்.

மற்றக் கார்கள் எல்லாம் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல் இருந்த காலம் அது. ரும்ப்ளர் காரை 1979-ம் ஆண்டில் வோக்ஸ்வாகன் கம்பெனியார் தங்கள் காற்றுக் குகையில் வைத்துப் பரிசோதித்தார்கள். காற்றுக் குகை என்பது, பெரிய விசிறியால் புயல் போல் காற்றை அடித்துப் பார்க்கும் கூடம். அந்தக் காரின் காற்று எதிர்ப்பு எண் 0.28 என்று வந்தது. பரிசோதித்தவர்களே திகைத்துப் போனார்கள். அந்த எண் சிறியதாக இருக்க இருக்க, கார் காற்றில் வழுக்கிப் போகும். 1982-ல் ஆடி கம்பெனி 0.30 எண் உள்ள காரைக் கொண்டு வந்தபோது, அதைப் பெரிய சாதனையாக உலகம் பேசியது. ரும்ப்ளர் அறுபது வருடத்துக்கு முன்பே அதைத் தாண்டி இருந்தார்!

அப்படிப்பட்ட கார் ஏன் விலை போகவில்லை? காரணங்கள் பல. எஞ்சின் சூடாகும் தொல்லை இருந்தது. பார்க்க வேடிக்கையாகவும் இருந்தது. இன்னொரு காரணம்தான் நமக்கு முக்கியம். அந்தக் காரில் பெட்டி வைக்க இடம் கிடையாது! சுமார் நூறு கார்கள்தான் செய்யப்பட்டன. அவற்றில் பல பெர்லின் நகரத்தில் வாடகைக் கார்களாக ஓடின. இன்று மிஞ்சி இருப்பவை இரண்டே இரண்டு. இரண்டும் காட்சிசாலையில் இருக்கின்றன.

சாமானுக்கும் காற்றுக்கும் உள்ள சண்டை அன்றைக்கே ஆரம்பித்து விட்டது.

பத்துக் கோடி காலன்

அமெரிக்காவில் காரின் மேல் சைக்கிளையும் படகையும் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் உண்டு. கேரியர் இல்லாத தெருவே இருக்காது. இதனால் அந்த நாட்டுக்கு எவ்வளவு பெட்ரோல் நஷ்டம் என்று யூச்சே சென், ஆலன் மையர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். 2016-ம் ஆண்டு அந்தக் கணக்கு வெளிவந்தது. வருடத்துக்குப் பத்துக் கோடி காலன்! லிட்டரில் சொன்னால், சுமார் 38 கோடி லிட்டர். கேரியரால் ஒரு காரின் செலவு நூற்றுக்கு 25 பங்கு வரைகூடக் கூடலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள்.

கூரை மேல் பெரிய பெட்டி வைத்தால் மைலேஜ் எவ்வளவு குறையும் என்பதற்கும் அமெரிக்க எரிசக்தி இலாகா கணக்கு வைத்து இருக்கிறது. ஊருக்குள் ஓட்டினால், நூற்றுக்கு 2 முதல் 8 வரை. நெடுஞ்சாலையில் 6 முதல் 17 வரை. மணிக்கு 105 கிலோ மீட்டருக்கு மேல் விரட்டினால், 10 முதல் 25 வரை. அதே பெட்டியைக் காரின் பின்புறத்தில் மாட்டினால், நெடுஞ்சாலையில்கூட 5-ஐத் தாண்டுவது இல்லை. பின்புறத்தில் கார் ஏற்கனவே காற்றை ஒதுக்கி வைத்து விடுகிறது அல்லவா? பெட்டி அந்த நிழலில் ஒளிந்துகொண்டு வருகிறது.

நம் ஊர்ப் பிரயாணத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மதுரையில் இருந்து சென்னைக்குச் சுமார் 450 கிலோ மீட்டர். லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடும் காருக்கு 30 லிட்டர் வேண்டும். கூரைச் சாமானால் நூற்றுக்குப் பத்து குறைந்து, 13½ கிலோ மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 லிட்டருக்கு மேல் ஆகும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், போக 330 ரூபாய், திரும்பி வர 330 ரூபாய். குடும்பத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு காற்றோடு போயிற்று.

காலிக் கேரியருக்கு இவ்வளவு ஆகாது. ஆனால் பெட்டி ஊருக்குப் போய் வந்ததும் இறங்கி விடுகிறது. கேரியர் இறங்குவது இல்லை. சபரிமலைக்குப் போவதற்காகக் கார்த்திகையில் மாட்டிய கேரியர், ஆடி மாதத்திலும் கூரையில் இருக்கும். எத்தனை வீட்டு வாசலில் பார்க்கிறோம்! வருடத்தில் நாலு நாள் வேலை, மீதி நாள் எல்லாம் காற்றோடு மல்லுக்கட்டு.

சாமான் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் டிக்கியை நிரப்புங்கள். மேலே வைப்பதைத் தட்டையாக, தாழ்வாக அடுக்குங்கள். தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். படபடவென்று அடித்தால், அதுவும் காற்றைப் பிடிக்கும். விமான இறக்கை போல் வடித்த அலுமினியச் சட்டங்களும் இப்போது விற்கின்றன. அவை உருண்டைக் குழாயைவிட நல்லவை. விலைதான் அதிகம். வேகத்தைக் குறைப்பதற்கோ காசு வேண்டாம். 45 முதல் 55 கிலோ மீட்டர் வேகமே சிக்கனம் என்று நம் நாட்டுப் பெட்ரோலியச் சிக்கன அமைப்பு சொல்லி வருகிறது. நான்கு வழிச் சாலையில் அந்த வேகத்தில் போக யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பது வேறு விஷயம். 70-க்கு மேல் போகாமல் இருந்தாலே பெரிய லாபம்தான்.

பாட்டரியில் ஓடும் காருக்கும் இதே கதைதான். பெட்ரோலுக்குப் பதில் மின்சாரம் தீரும்.

மீண்டும் டிரைவர்

சில மாதம் கழித்து மதுரைக்குப் போனேன். அதே டிரைவரை வரச் சொன்னேன். இந்தக் கணக்கை எல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான் சார். ஆனா பார்ட்டி போன் பண்ணினா, 'கேரியர் இருக்கா'ன்னுதான் முதல்ல கேட்கிறாங்க. இல்லைன்னா வேற வண்டிக்குப் போயிடறாங்க. நான் கழட்டி வச்சா, மாசத் தவணையை யார் கட்டறது?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடிக்கடி சாமான் ஏற்றுகிறவருக்குக் கேரியர் வேண்டியதுதான். பெட்ரோல் செலவைவிட, போகிற வாடகை பெரிது.

போன மாதம் அவரிடம் இருந்து போன் வந்தது. கேரியரில் இருந்த பழைய போல்ட்டுகளை எடுத்துவிட்டு, கையாலேயே திருகிக் கழற்றுகிற மாதிரி திருகாணிகள் போட்டு விட்டாராம். பார்ட்டி சாமானோடு வந்தால் மாட்டுகிறார். இல்லாவிட்டால் கழற்றி விடுகிறார். பத்து நிமிஷ வேலைதானாம்.

"கழட்டின கேரியரை எங்கே அண்ணே வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மொட்டை மாடியிலே சார். வீட்டிலே அதும் மேல துணியை விரிச்சு வத்தல் காயப் போடறா. இப்ப வாடகை வந்தா, அவகிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கு" என்றார்.