ஓனர் வீட்டு சீலிங்கும் என் தக்காளிச் செடியும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தால் ஹவுஸ் ஓனர். வாடகை தேதி இல்லை. கரண்ட் பில்லும் இல்லை.

"தம்பி, கொஞ்சம் மேல வந்து எங்க பூஜை ரூமைப் பார்த்துட்டுப் போறீங்களா?"

பார்த்தேன். சீலிங்கில் மாம்பழ சைஸுக்கு ஈரத் திட்டு. அதற்கு நேர் கீழே முருகன் படம். சொட்டு... சொட்டு... என்று அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது.

"இதுக்கு மேலதான் உங்க தக்காளி இருக்கு" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பொங்கலுக்குள்ள செடியைக் காலி பண்ணுங்க. இல்லேன்னா..." மிச்சத்தை என்னிடம் சொல்லாமல் முருகனிடம் சொன்னார்.

இது நடந்தது 2022 நவம்பரில். குரோம்பேட்டையில் நாங்கள் முதல் மாடி, ஓனர் இரண்டாவது மாடி, அதற்கு மேலே மொட்டை மாடி. என் தோட்டம் அங்கேதான் இருந்தது. தோட்டம் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்!

எனக்குச் செடி கொடியெல்லாம் ஒத்துவராது சார். ஆபீஸ் மேஜையில் யாரோ வைத்த மணி பிளாண்டையே காயவிட்ட கை இது. ஆனால் அந்த வருஷம் ஆடியில் அம்மா என்னோடு வந்து சேர்ந்தாள். அப்பா போய்விட்டார். சோழவந்தான் வீட்டைக் கொல்லையோடு சேர்த்து விற்றாயிற்று. இங்கே வந்ததிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாரத்துக்கு ஒரு தடவை, "ஊருக்கு ராத்திரி பஸ்ஸு எத்தனை மணிக்குப்பா?" என்று கேட்பாள். ஊரில் வீடே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அந்தக் கேள்வியை நிறுத்தத்தான் நான் நர்சரிக்குப் போனேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்தொன்பது குரோபேக். தக்காளி, கத்தரி, வெண்டை, மூன்று ரோஜா, மல்லிகை, அப்புறம் கடைக்காரர் "இது வெச்சா லுக்கா இருக்கும் சார்" என்று தள்ளிவிட்ட குரோட்டன்ஸ். மாடிக்கு ஏற்றி, மாடிப்படிக் கூண்டுக்கு வடக்கே ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிறுத்தினேன். பை நிறையச் செம்மண். அம்மா ஒரு தடவை வந்து பார்த்தாள். "ம்" என்றாள். கீழே போய்விட்டாள்.

ஆகஸ்டில் செடிகள் ஜோராக வளர்ந்தன. அக்டோபரில் தக்காளி என் தோள் வரை வந்தது, ஆனால் ஒரு பூ கிடையாது. செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. நவம்பரில் முருகன் நனைந்தார்.

ஓனர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது. ஓனர் மேல் என்று நினைத்தேன், என் மேல்! "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தியா? நிழலு எங்க விழுதுன்னு பாத்தியா? செடி வாங்குறதுக்கு முன்னால எடத்தைப் பாக்க வேணாமாய்யா?"

நேரே மாடிக்குப் போனாள். ஒரு வாளித் தண்ணீரை நடுமாடியில் ஊற்றினாள். கொத்தனார் தளம் போடும்போதே மழைத்தண்ணீர் பைப்பை நோக்கி வாட்டம் கொடுத்திருப்பார். அந்த வழியைப் பத்தொன்பது பையும் அணை கட்டி மறித்திருந்தன. தண்ணீர் அங்கேயே தேங்கி, விரிசலைத் தேடிப் பூஜை ரூமுக்கு இறங்கியிருக்கிறது. பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கியிருந்தாலே போதும்.

எடையும் ஒரு விஷயம். ஆபீஸில் சிவில் படித்த நண்பர் ஒருவர் கால்குலேட்டரைத் தட்டி வயிற்றைக் கலக்கினார். ஆட்கள் நடமாடுகிற மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கணக்காம், அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. ஓரடி அகலம் ஓரடி உயரப் பையில் ஈரச் செம்மண் அடைத்தால் 35 கிலோவைத் தொடும். நான் அந்தப் பத்தொன்பதையும் ஒட்ட ஒட்ட, அதுவும் தளத்தின் நடுவில்! "பெரிய தொட்டியெல்லாம் கீழே சுவரோ பீமோ இருக்கிற ஓரத்துல வை. மத்ததை விலக்கி வை. மண்ணை மூணுல ஒரு பங்காக் குறைச்சு மக்கின எருவும் தேங்காய் நார்க் கழிவும் கல" என்றார். நார்க் கழிவை நன்றாக அலசி உப்பைப் போக்கிவிட்டுப் போட வேண்டும். எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்?

அம்மா ஓனரிடம் தானே போய் ஒரு மாதம் டைம் வாங்கி வந்தாள். மார்கழி பிறந்தது. வாசலில் கோலம் போட்ட கையோடு கோலமாவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். காலை எட்டு மணிக்குக் கூண்டின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு. பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு. மறுநாள் பார்த்தால் பத்து மணிக் கோட்டை எறும்பு சாப்பிட்டிருந்தது. அப்புறம் செங்கல் துண்டால் கிழித்தாள்.

எட்டடி உயரக் கூண்டுக்கு நடுப்பகலில் வடக்கே ஆறடி நிழல். என் தக்காளி நின்றது சரியாக அந்த ஆறடிக்குள்! நான் வாங்கி வைத்த ஆகஸ்டில் அங்கே நிழலே இல்லையே என்று வாதம் செய்தேன்.

"இருக்காது. அப்ப சூரியன் உச்சந்தலைக்கு மேல. இது மார்கழி நிழலு. தை பொறந்தா சுருங்கும், சித்திரைக்குக் காணாமப் போகும்."

அவள் சொன்னதைக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நடுவே உள்ள நாலு மாதம்தான் அது நமக்கு வடக்கே. மற்ற எட்டு மாதமும் தெற்கே. ஆகவே உயரமான செடியைத் தெற்கில் வைத்தால் எட்டு மாதம் அது பின்னால் இருக்கிறதை மறைக்கும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வளரும், காய்க்காது. என் சம்பளம் மாதிரி!

அம்மா போட்ட திட்டம் இதுதான். தெற்குக் கைப்பிடிச் சுவரோரம் மார்கழியில் இரண்டடி நிழல் விழுகிறது. அங்கே செடிக்கு வேலை இல்லை, அது நடைபாதை. குடத்தோடு ஒரு ஆள் இடிக்காமல் போக இரண்டடி வேண்டுமே. நடுவில் வெயில் விழுகிற இடத்தில் தக்காளியும் கத்தரியும், பைக்குப் பை ஒரு முழம் இடைவெளி விட்டு. காற்று புகுந்தால் மாவுப்பூச்சி மட்டுப்படும். வடக்குச் சுவரோரம், கீழே சுவர் தாங்குகிற இடத்தில், கறிவேப்பிலையும் மல்லிகையும் பெரிய தொட்டியில். மேற்கே பக்கத்து அபார்ட்மென்ட் மூன்று மணிக்கு மேல் வெயிலை மறைக்கும், அங்கே கீரை. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிற பழக்கத்தை நிறுத்திவிட்டாள். தட்டில் தேங்குகிற தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

கூண்டின் அந்த ஆறடி நிழலில் புதினாவும் வெற்றிலையும். வெற்றிலை விஷயத்தில் அவள் சோழவந்தான்காரி, யாரும் வாய் திறக்க முடியாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை அது. கொடிக்காலில் முதலில் அகத்தியை வளர்ப்பார்கள். அது நிழல் தந்த பிறகுதான் வெற்றிலைக்கு வாழ்வு. மாடியில் அகத்திக்கு எங்கே போவது? மாசி மாதம் கூண்டை ஒட்டிக் கயிற்றுப் பந்தல் போட்டு பீர்க்கை ஊன்றினாள். கூண்டு நிழல் சுருங்கச் சுருங்கப் பீர்க்கங்கொடி படர்ந்தது. அக்னி நட்சத்திரத்தில் நிழலே இல்லாத மாடியில் வெற்றிலைக்கு மட்டும் பச்சைக் குடை! ஆடியில் கொடி ஓய்ந்து காய்ந்தது. சூரியன் தெற்கே திரும்ப, கூண்டு நிழல் மறுபடி வேலைக்கு வந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

குரோட்டன்ஸ் மட்டும் எங்கேயும் பொருந்தவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நிற்கிறது. லுக்காக.

ஓனர் 2023 டிசம்பர் வரை நம்பவில்லை. மிக்ஜாம் புயல் வருகிறது என்றதும் அம்மா பந்தல் கயிற்றை அவிழ்த்து, பைகளைச் சுவரோரம் ஒண்ட வைத்து, பைப் வாயில் கிடந்த சருகைப் பொறுக்கி எறிந்தாள். இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை ஓனர் வாசலில். எனக்கு வயிறு கலங்கியது.

"முருகன் காய்ஞ்சு இருக்கார் தம்பி" என்றார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. செங்கல் துண்டால் திட்டம் போட்ட அன்றே, மல்லிகைத் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்றடிக்கு மூன்றடி ஒரு கட்டம் கிழித்துக் காலியாக விட்டிருந்தாள். இடம் வீணாகிறதே என்று நான் அங்கே இரண்டு ரோஜாவைக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாளே அதை நகர்த்திவிட்டாள்.

"இங்க என்னம்மா வரப்போகுது?"

"உக்கார எடம் வேணாமா? ஊருல துணி தொவைக்கிற கல்லுல நானும் உங்கப்பாவும் உக்காருவோம்ல."

அங்கே ஒரு ஸ்டூல் போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் உட்காருவாள். கொஞ்ச நாளில் ஓனரின் அம்மாவும் ஏறி வர ஆரம்பித்தார், இரண்டாவது ஸ்டூல் வந்தது. இப்போது இரண்டு பேரும் வெற்றிலையைக் கிள்ளி மென்றுகொண்டு என் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பஸ் நேரம் கேட்டு ரொம்ப நாளாயிற்று. நான் குடத்தோடு அந்த இரண்டடிப் பாதையில் நின்றுகொண்டிருப்பேன்.

"நின்னுகிட்டே இருக்காம கீரைக்கு ஊத்துப்பா" என்பாள்.