மாணவர் எந்திரனியல் செயல்திட்டங்களில் பணிக்குறிப்பேடும் மதிப்பீடும்: வடசென்னைச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பள்ளிகளிலும் பொறியியல், பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் மாணவர்கள் உருவாக்கும் எந்திரன்கள் பெரும்பாலும் இறுதிநாள் இயக்கத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. உருவாக்கத்தின்போது எழுதப்படும் பணிக்குறிப்பேடே மதிப்பீட்டின் முதன்மைச் சான்றாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நம் ஆய்வகங்களில் வேரூன்றியுள்ள ‘ரெக்கார்டு நோட்டு’ வழக்கம் இதற்கு எவ்வாறு தடையாகிறது என்பதும், குறிப்பேட்டின் மொழி குறித்த சிக்கலும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எந்திரனியல், செயல்திட்டம், பணிக்குறிப்பேடு, மதிப்பீடு, மணலி, மாத்தூர், தமிழ்வழிப் பொறியியல்.

முன்னுரை

மணலி, மாத்தூர், எண்ணூர், திருவொற்றியூர் ஆகிய பகுதிகளில் வாழும் மாணவர்களுக்கு இயந்திரம் புதியதன்று. சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, ஊர்தித் தொழிற்சாலை, துறைமுகம் ஆகியவற்றுக்கிடையே அவர்கள் வளர்கின்றனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் பொறியியல் படிக்க வந்த முதல் தலைமுறையினர். இயந்திரத்தைக் கையாளத் தெரிந்தும், தாம் செய்ததை எழுத்தில் நிறுவத் தெரியாததால் மதிப்பெண் இழக்கும் நிலை இவர்களுக்கே மிகுதியும் நேர்கிறது எனலாம்.

நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென அமைக்கப்படும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்கு, பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை நல்கை வழங்கப்படுகிறது. உணரிகளும் நுண்கட்டுப்படுத்திகளும் இவ்வாறு பள்ளிக்குள் வந்துவிட்டன. ஆனால் அவற்றைக் கொண்டு மாணவர் என்ன கற்றார் என்பதை அளக்கும் முறை அதே வேகத்தில் வரவில்லை. ரிச்சி தெருவில் உதிரிப்பாகம் வாங்குவது எளிது. முழுச் செயல்திட்டத்தையே விலைக்கு வாங்குவதும் கடினமன்று என்பதை இறுதியாண்டு வகுப்பெடுக்கும் ஆசிரியர் எவரும் அறிவர். மேசைமீது ஓடும் எந்திரனைப் பத்து நிமிடம் பார்ப்பவர், அது செய்யப்பட்டதா வாங்கப்பட்டதா என்பதை எதைக்கொண்டு முடிவு செய்வார்?

ரெக்கார்டு நோட்டும் அப்சர்வேஷன் நோட்டும்

நம் ஆய்வகங்களில் இருவகை ஏடுகள் உண்டு. செய்முறையின்போதே அளவீடுகளைக் குறிப்பது அப்சர்வேஷன் நோட்டு. பின்னர் வீட்டில் அழகுற எழுதி, படம் வரைந்து, ஆசிரியரிடம் கையொப்பம் பெறுவது ரெக்கார்டு நோட்டு. தேர்வுக்குச் செல்வது இரண்டாவதே. முதலாவது பெரும்பாலும் பழைய தாள்கடைக்குச் செல்கிறது. இயற்பியல் செய்முறையில் விடை முன்கூட்டியே அறியப்பட்டது. எனவே விடையிலிருந்து அளவீட்டை நோக்கிப் பின்னோக்கிக் கணக்கிடும் பழக்கமும் மாணவரிடையே நெடுங்காலமாக உண்டு. இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்ப்பது பொருந்தாது. அடித்தல் திருத்தலற்ற ஏட்டுக்கே மதிப்பெண் கிடைக்கும் என்று கற்பித்தவர்கள் நாமே.

எந்திரனியலில் இப்பழக்கம் முற்றிலும் பொருந்தாமல் போகிறது. இங்கு முன்கூட்டி அறியப்பட்ட விடை இல்லை. கிடைத்த பிழையும், அதன் காரணத்தைத் தேடிய வழியும், செய்த மாற்றமுமே கற்றலின் சான்றுகள். ஆகவே இங்குக் காக்கப்பட வேண்டியது அப்சர்வேஷன் நோட்டே ஆகும்.

பிழையைப் பதிந்து வைப்பதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி ஒன்றுண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 கணிப்பொறியில் கோளாறு ஏற்பட்டபோது, ஓர் உணர்த்திக்குள் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைப் பணியாளர்கள் கண்டனர். பூச்சியை எடுத்துப் பணிக்குறிப்பேட்டிலேயே ஒட்டி, நேரத்தையும் உணர்த்தியின் எண்ணையும் அருகில் எழுதினர். கிரேஸ் ஹாப்பர் இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் எடுத்துரைத்ததால் அது உலகறிந்தது. (பிழையைப் பூச்சி என்று குறிக்கும் ஆங்கில வழக்கு அதற்கு முன்பே இருந்தது, அந்தப் பக்கத்தின் நகைச்சுவையும் அதில்தான் உள்ளது.) அந்த ஏடு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. எப்போது, எந்த இடத்தில், எது காரணம் என்னும் மூன்றும் ஒரே பக்கத்தில் இருப்பதே அதன் சிறப்பு.

குறிப்பேட்டில் எது சான்றாகும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் மணலி வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. இதைக் கண்ட மாத்தூர் மாணவர் குழு ஒன்று, கால்வாயின் நீர்மட்டத்தை அளந்து எச்சரிக்கும் கருவி செய்ய முற்படுவதாகக் கொள்வோம். பாலத்தின் அடியில் மீயொலி உணரியைப் பொருத்துகின்றனர். ஒலி சென்று மீளும் நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தொலைவு கிடைக்கும்.

பாடநூலிலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்த நிரலில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும். அது 20 பாகை செல்சியசுக்கு உரியது. சென்னையின் 35 பாகை வெப்பத்தில் வேகம் ஏறத்தாழ 352 மீட்டர். எனவே உண்மையில் 2 மீட்டர் தொலைவிலுள்ள நீர்ப்பரப்பைக் கருவி 1.95 மீட்டர் என்று காட்டும். நீர் 5 சென்டிமீட்டர் உயர்ந்ததாகப் பொய் சொல்லும். ஒரு குழு, காலையில் சரியாகக் காட்டிய கருவி நண்பகலில் பிழைபடுவதைக் குறித்துவைத்து, அளவுநாடாவால் ஒப்பிட்டு, வெப்ப உணரியைச் சேர்த்து நிரலைத் திருத்துகிறது. மற்றொரு குழு, ‘கருவி நன்கு இயங்கியது’ என்று எழுதுகிறது. காட்சிநாளில் குளிரூட்டப்பட்ட அரங்கில் இரண்டு கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டும். வேறுபாடு ஏட்டில் மட்டுமே இருக்கிறது.

நகரும் எந்திரன்களில் இதற்கு இணையான பழக்கப்பட்ட கோளாறு ஒன்றுண்டு. மோட்டார் தொடங்கும் கணத்தில் நுண்கட்டுப்படுத்தி தானாக மறுதொடக்கம் ஆகும். மோட்டார் தொடக்கத்தில் ஈர்க்கும் மிகை மின்னோட்டத்தால் மின்னழுத்தம் சரிவதே காரணம். மின்வழங்கலைத் தனித்தனியாகப் பிரித்துத் தரைமுனையைப் பொதுவாக்கினால் தீரும். ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் இதைச் சந்திக்கின்றன. ஆனால் இறுதி அறிக்கைகளில் இது காணப்படுவதில்லை. இக்கோளாறு இடம்பெறாத அறிக்கையை ஐயத்துடன் நோக்குவதில் தவறில்லை.

ஏடும் தொகுப்பும்

ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்னும் பன்னாட்டு மாணவர் எந்திரனியல் போட்டியில் நெடுங்காலம் பொறியியல் குறிப்பேடு மதிப்பிடப்பட்டது. 2020–21 பருவத்தில் அதற்கு மாற்றாக, அட்டை நீங்கலாக 15 பக்கங்களுக்குள் அமையும் தொகுப்பேடு கொண்டுவரப்பட்டது. நடுவர் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்க இயலாது என்பது நியாயமே. எனினும் வெளிக்குழுவுக்கு நடுவராக வருபவரின் நிலை வேறு, பருவம் முழுதும் உடனிருக்கும் ஆசிரியரின் நிலை வேறு. நம் கல்லூரிகளில் செயல்திட்டத்துக்கு இடைமதிப்பாய்வுக் கூட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கூட்டத்திலும் ஏட்டை வாங்கித் தேதியிட்டுக் கையொப்பமிட்டால் போதும். கடைசி இரவில் ஏடு முழுவதையும் எழுதும் வழி அடைபடும். தொடர்களைக் கணிப்பொறியே எழுதித்தரும் இக்காலத்தில் இது முன்னினும் தேவையாகிறது.

பதிவு யாருடைய கையில் உள்ளது என்பதும் கவனத்திற்குரியது. நல்ல கையெழுத்து உடையவரிடம், பல குழுக்களில் மாணவியிடம், ஏடு ஒப்படைக்கப்படுகிறது. மின்சுற்று வேறொருவர் கைக்குச் சென்றுவிடுகிறது. எழுதியவர் இயந்திரத்தைத் தொடாமலும், தொட்டவர் ஒரு வரி எழுதாமலும் சம மதிப்பெண் பெறுவது இருவருக்கும் இழப்பு. பற்றவைத்தவரே பற்றவைப்பைப் பற்றி எழுதிப் பெயரெழுத்திடுதல் நலம்.

மதிப்பெண்ணுக்கு அப்பால்

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஹோமோசெப் என்னும் கழிவுநீர்த்தொட்டி துப்புரவு எந்திரன், ஒரு முதுநிலை மாணவரின் இறுதியாண்டுச் செயல்திட்டமாகத் தொடங்கியதாகும். தொட்டியின் வாய் குறுகியது என்பதால், உள்ளே இறங்கியபின் தலைகீழ்க் குடைபோல் விரியும் சுழல்தகடுகள் அதில் அமைக்கப்பட்டன. இறுகிய கசடு கரைக்கப்பட்டு உறிஞ்சி எடுக்கப்படுகிறது. மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரும் தொட்டிகளில் உயிர்கள் பலியாகும் நாட்டில், இத்தகைய கருவியை இயக்கப்போகிறவர் அதை வடிவமைத்தவர் அல்லர். எவ்வளவு இறுகிய கசடில் தகடு நிற்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்பனவற்றை அவருக்குச் சொல்ல, சோதனைகளின் பதிவே உண்டு. தோல்விகளை நீக்கி எழுதிய ஏடு இவ்விடத்தில் ஆபத்தானது.

குறிப்பேட்டின் மொழி

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியல், இயந்திரவியல் பட்டப்படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆங்கிலவழி மாணவரும் பட்டறையில் பேசுவது தமிழே. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று விதிக்கும்போது, தெரிந்ததை எழுதாமல் எழுதத் தெரிந்ததை மட்டும் எழுதுகின்றனர். அன்றாடக் குறிப்பு தமிழிலும் இறுதி அறிக்கை உரிய மொழியிலும் அமையலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ‘லூஸ் காண்டாக்ட்’ என்று எழுதினால் குறைவொன்றுமில்லை.

ஆனால் பட்டறைத் தமிழில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. ‘பவர் பத்தவில்லை’ என்று மாணவர் எழுதுகிறார். மின்னழுத்தம் குறைந்ததா, மின்னோட்டம் போதவில்லையா, மின்கலத்தின் கொள்திறன் தீர்ந்ததா என்பது இத்தொடரில் இல்லை. மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு. கலைச்சொல்லாக்கத்தால் மட்டும் இது தீராது. ‘மின்திறன் போதவில்லை’ என்று மாற்றினாலும் தெளிவின்மை அப்படியேதான் இருக்கும். அருகில் ஓர் அளவீடு வேண்டும்: மோட்டார் சுழலும்போது மின்கல முனைகளில் 6 வோல்ட் இருந்தது, 4.1 வோல்ட்டாக இறங்கியது என்பது போல. வாய்மொழித் தேர்வில் அந்த வரியைத் திறந்துவைத்து, அளவுமானியின் முனைகளை எங்கெங்கே வைத்தாய் என்று ஆசிரியர் கேட்கலாம். அளந்தவர் கை நீட்டிக் காட்டுவார்.